மாதிரி இலக்கம் நாற்பத்தொன்று

யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸில் வந்த பெட்டியைக்
காலை எட்டேகாலுக்கு வெட்டித் திறந்தேன்.
மண் பைகள் முப்பது. கிணற்றுத் தண்ணீர் பன்னிரண்டு போத்தல்.
ஒன்றில் முன்பு நெல்லிரசம் இருந்திருக்கிறது;
சுரண்டியும் லேபிளில் பாதி நெல்லிக்காய் மிச்சம்.

கொழும்பில் நல்ல மழை.
ஜன்னலுக்கு வெளியே கால்வாய் முட்ட
யாருக்கும் வேண்டாத தண்ணீர்
கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மண்ணை அரித்துவிட்டுக் கை கழுவினேன்.
தொட்டி சிவந்தது.
குசுமலதா எட்டிப் பார்த்து,
செங்கல்லா மிஸ், என்றாள் சிங்களத்தில்.
தோட்டம், என்றேன்.
அவள் விம் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

மதியத்துக்கு முன் எண்கள் வந்தன.
மண்ணில் சேதனப்பொருள் பெயருக்கு.
தண்ணீரில் நைத்திரேற்று, கோட்டுக்கு மேலே,
நன்றாய் மேலே.
சுண்ணாம்புக் கல்லுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது.
மேலே கொட்டிய யூரியா
வாளியில் ஏறித் திரும்பி வருகிறது,
நிறமில்லாமல், மணமில்லாமல்,
பால்மா கரைக்கும் கேத்தலுக்குள்.

பரிந்துரைக்குப் படிவத்தில் மூன்று வரி இடம்.
பதினோரு வருடமாய் நான் எழுதும் மூன்று வரி:
யூரியாவைப் பாதியாகக் குறைக்கவும்.
இடைப்போகத்தில் சணல் விதைத்து, பூக்குமுன் மடக்கி உழவும்.
மாட்டெருவும் குழையும் தாழ்க்கவும்.
என் கையெழுத்து அழகு என்று எல்லோரும் சொல்வார்கள்.

நாலாம் நாள் ஒரு போன்.
தவமலர். நாற்பத்தொன்று தன்னுடையதாம்.
"வடிவா எழுதியிருக்கிறியள் பிள்ளை.
சணல் மடக்கினா மண் எப்ப தேறும்?"
மூன்று வருடம், என்றேன். நாலும் ஆகலாம்.
பின்னால் வோட்டர் பம்ப் இரைந்தது.
"குத்தகை ஒரு வருசம்தானே.
தை பிறக்க முன்னம் காசு வைக்கவேணும்,
போன முறையிலும் கூட.
நான் எருப் போட்டுத் தேத்திற மண்ணில
வாற வருசம் ஆர் வெங்காயம் நடுவினமோ?
ஒரு வருச மண்ணுக்கு ஒரு வருசப் பசளைதான் அம்மா."
காணிக்காரர் யார், என்று கேட்டேன்,
பேச்சுக்கு.
"கொழும்பிலயாம். கண்டதில்லை.
ஒரு ஐயா சைக்கிளில வந்து வாங்கிக்கொண்டு போவார்."

அதற்குப் பிறகுதான் போத்தலை எடுத்து
லேபிளை முழுதாக வாசித்தேன்.
பென்சில் எழுத்து, ஈரத்தில் மங்கி:
நாவலடிக் கலட்டி. ஆறு பரப்பு.

வெள்ளவத்தையில் எங்கள் அலுமாரி.
பாஸ்போர்ட்டுகளுக்கும் நகை ரசீதுக்கும் கீழே
பொலித்தீன் உறையில் என் சீதன உறுதி.
கிழக்கு ஒழுங்கை. தெற்கு கந்தையா பெண்சாதி காணி.
கிணற்றில் அரைப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்.

அரைப் பங்கு.
அப்படியென்றால் அந்த எண்ணிலும்
பாதி எனக்கு.

போன தைக் குத்தகையில் வோஷிங் மெஷின் வாங்கினோம்.
"இந்த முறை கூட்டிக் கேட்டனான்,
நல்ல தண்ணி எண்டு சொல்லித்தான் கேட்டனான்" என்றார் சித்தப்பா அப்போது.

இரவு அவருக்கு எடுத்தேன்.
ஆறு வருடத்துக்கு எழுதிக் கொடுப்போமா, விலை ஏற்றாமல்.
நெடுநேரம் இருமினார்.
"ஆறு வருசம் விட்டா மண் அவையின்ரை ஆகிவிடும் பிள்ளை."
மண் மண்ணாகட்டுமே, என்று வாய் வரை வந்தது.
சொல்லவில்லை.
பார்ப்போம், என்றேன். அவரும் பார்ப்போம் என்றார்.

காலையில் சந்தையில் சின்ன வெங்காயம்.
"யாழ்ப்பாணத்துச் சாமான் அக்கா, நிறத்தைப் பாருங்கோ."
அரைக் கிலோ நிறுத்தான்.
விரலில் ஒட்டியதைச் சேலையில் துடைக்காமல்
ஒப்பிஸ் வரை கொண்டுபோனேன்.

நாற்பத்தொன்றின் பிரதியை எடுத்து
மூன்று வரிக்குக் கீழே, ஓரத்தில், நாலாவது எழுதினேன்:
குத்தகைக் காலத்தை நீட்டவும்.
இது எங்கள் பிரிவு அல்ல, என்று
பணிப்பாளர் பச்சைப் பேனையால் வெட்டுவார்.
வெட்டட்டும்.
ஆனால் யாருக்கு எழுதினேன் அதை?
பெறுநர் என்ற இடத்தில் இன்னும் தவமலர் பெயர்தான் இருக்கிறது.

குசுமலதா இன்று எலுமிச்சம்பழத்தோடு வந்தாள்.
தொட்டி
இப்போதும் சிவப்பு.